மணிலா அட்டையில் ஓர் ஊர்

உங்கள் வீட்டுப் பிள்ளை கடைசியாக வரைந்த படத்தை நீங்கள் உற்றுப் பார்த்ததுண்டா? "நல்லா இருக்குய்யா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தொலைக்காட்சிப் பக்கம் திரும்பிவிடுகிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன். முப்பது ஆண்டுக்கு மேல் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியராக இருந்தவன். பிள்ளைகளின் படம் என்றால் புள்ளி போட்டு, சிவப்பு மையில் கையெழுத்திட்டுத் தள்ளிவிடுவது வழக்கம். ஓய்வு பெற்ற பிறகுதான் படத்தையும் படிக்க வேண்டும் என்ற புத்தி வந்தது.

நான் இப்போது குடியிருப்பது சிலாங்கூரில் ஒரு மலிவு விலை அடுக்குமாடி வீட்டில். இங்கே உள்ள தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலானவை ஏதோ ஒரு தோட்டத்தை விட்டு வந்தவை. புதிதாக ஒருவரைப் பார்த்தால், "எந்தத் தோட்டம்?" என்று கேட்ட பிறகுதான் பேச்சே தொடங்கும். தோட்டம் போய் முப்பது வருடம் ஆகியிருக்கும். கித்தா மரம் நின்ற இடத்தில் நெடுஞ்சாலை ஓடும். அந்தக் கேள்வி மட்டும் இன்னும் போகவில்லை.

எங்கள் குடியிருப்பை ஒட்டிய கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை பிற்பகலில் ஒரு தமிழ் வகுப்பு நடத்துகிறேன். ஒரு சனிக்கிழமை நல்ல மழை. பதினொரு பிள்ளைகள்தான் வந்திருந்தார்கள். தகரக் கூரையில் மழை கொட்டும் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. பாடத்தை மூடி வைத்துவிட்டு, ஆளுக்கொரு மணிலா அட்டையைக் கொடுத்தேன். "இன்னும் இருபது வருசம் கழிச்சு நம்ம இடம் எப்படி இருக்கணும்? வரைங்க" என்றேன்.

பறக்கும் கார் வரும், கண்ணாடிக் கோபுரம் வரும் என்றுதான் எதிர்பார்த்தேன். இரண்டு பையன்கள் அப்படியே வரைந்தும் விட்டார்கள். மற்றவர்கள் வரைந்தது வேறு.

பத்து வயதுச் சிறுமி ஒருத்தி தரை வீடு ஒன்றை வரைந்திருந்தாள். வாசலில் ஒரு மாமரம். அதன் அடியில் நாற்காலி போட்டு ஒரு பாட்டி உட்கார்ந்திருக்கிறார். "இருபது வருசம் கழிச்சும் தரை வீடுதானா? மாடி வேணாமா?" என்று கேட்டேன். "மின்தூக்கி கெட்டுப் போனா பாட்டியால கீழ இறங்க முடியல சார். பாட்டி கோயிலுக்கு வந்து மூணு மாசமாச்சு" என்றாள். அந்தப் பாட்டியை எனக்குத் தெரியும். ஐந்து மணிக்குப் பெரட்டுக்குப் போய், நானூறு மரம் வெட்டிவிட்டு, காண்டா வாளியைத் தோளில் போட்டுக்கொண்டு மேடும் பள்ளமும் ஏறி இறங்கிய கால் அது. இப்போது நான்கு மாடிப் படி அதைக் கட்டிப் போட்டிருக்கிறது.

பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் கோயில் வரைந்திருந்தான். கோபுரத்துக்குப் பக்கத்திலேயே, கோபுர உயரத்துக்கு ஒரு தாள்! அதில் வட்டமாக ஒரு முத்திரை.

"இது என்னடா, பஞ்சாங்கமா?"

"நிலப்பட்டா சார். அது இருந்தாத்தான் கோயில உடைக்க மாட்டாங்கன்னு அப்பா சொன்னாரு."

பிள்ளைகள் காதில் எதுவும் விழாது என்று நினைத்துக்கொண்டு நாம் சாப்பாட்டு மேசையில் பேசுகிறோமே, அதெல்லாம் எங்கே போய்ச் சேர்கிறது என்று பார்த்தீர்களா?

நான்காம் படிவத்தில் படிக்கும் ஒரு பெண்ணும் அங்கே இருந்தாள். தம்பியை அழைத்துப் போக வந்தவள், மழைக்கு ஒதுங்கி உட்கார்ந்தவள், அவளும் ஓர் அட்டையை வாங்கிக்கொண்டாள். எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் பல வருடமாகப் பூட்டிக் கிடக்கும் கடை ஒன்றை அவள் அறையாக மாற்றியிருந்தாள். உள்ளே பெரிய நாற்காலி ஒன்று, சின்ன முக்காலி ஒன்று, சுவர் நிறையப் பழைய புகைப்படங்கள். மேலே 'கதை வீடு' என்று பெயர்ப்பலகை. பெரிய நாற்காலி பேசுகிற தாத்தா பாட்டிகளுக்காம். முக்காலி கேட்கிறவர்களுக்காம். "பேசுறத பதிவு பண்ணி வைக்கணும் சார். எங்க தாத்தா செத்துட்டாரு. அவரு எந்தத் தோட்டத்துல பொறந்தாருன்னு எங்கப்பாவுக்கே சரியாத் தெரியல" என்றாள்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம், இப்படி ஒரு படத்தை நான் முன்பே பார்த்திருக்கிறேன். அது 1974-ஆம் ஆண்டு.

அந்தக் காலத்து இளைஞர் மன்றங்களை உங்களில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 1935-இல் கோ. சாரங்கபாணி அவர்கள் சிங்கப்பூரில் தொடங்கிய 'தமிழ் முரசு', 1950-களில் மாணவர் மணிமன்றம் என்று பிள்ளைகளுக்கே ஒரு பகுதியைத் திறந்துவிட்டது. அதில் எழுதிப் பழகியவர்கள் பிறகு மலாயா முழுவதும் மணிமன்றங்களை அமைத்தார்கள். தோட்டத்துக்குத் தோட்டம் ஒரு படிப்பகம், ஒரு நாடகக் குழு, ஒரு பந்து விளையாட்டுக் குழு என்று பரவியது. எங்கள் தோட்டத்திலும் ஒரு மன்றம் இருந்தது. பழைய பால் கொட்டகையில் நாலு பலகையை அடித்து அலமாரி செய்து, நாளிதழையும் வார இதழையும் போட்டு வைப்போம். மாதம் ஒரு கையெழுத்து ஏடு வெளியிட்டோம். அதன் பெயரைச் சொன்னால் சிரிப்பீர்கள், அத்தனை பெரிய பெயர்! மொத்தமே ஒரு பிரதிதான். படித்தவர் அடுத்த வீட்டுக்குக் கொடுத்தாக வேண்டும்.

அந்த ஏட்டுக்கு ஒரு பொங்கல் மலர் போட்டோம். 'நாளைய தோட்டம்' என்பது தலைப்பு. கவிதை எழுதியவர்கள்தான் அதிகம், உழைப்பாளியின் வியர்வையில் சூரியன் உதிக்கும் என்கிற மாதிரி. நானும் அப்படித்தான் ஒன்று எழுதிக் கிழித்தேன். மலரின் நடுப்பக்கத்துக்குப் படம் போட ஆள் இல்லை. என் அக்காவிடம் கொடுத்தேன்.

அக்காவுக்கு அப்போது பத்தொன்பது வயது. ஆறாம் வகுப்போடு நிறுத்திப் பால் வெட்டப் போனவள். கோலம் போட்ட கை. இரண்டு இரவு மண்ணெண்ணெய் விளக்கில் உட்கார்ந்து, நடுப்பக்கம் முழுவதும் எங்கள் தோட்டத்தையே வரைந்துவிட்டாள். ஆனால் அது எங்கள் தோட்டம் அல்ல. மூன்று வரிசை லயங்கள், வரிசைக்குப் பன்னிரண்டு வீடு, முப்பத்தாறும் அப்படியே இருந்தன. ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் ஒரு குழாய். ஒவ்வொரு வாசலிலும் ஒரு விளக்கு. எங்களுக்கு அப்போது பத்து வீட்டுக்கு ஒரு குழாய். மின்சாரம் மாலை ஆறு முதல் இரவு பத்து வரை மட்டும். ஆயாக்கொட்டகைக்குப் பக்கத்தில் பெண்களுக்கு ஒரு படிப்பகம். எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டு எண் இருக்க வேண்டிய இடத்தில் அந்தந்தக் குடும்பத்தின் பெயரைச் சின்னச் சின்ன எழுத்தில் எழுதியிருந்தாள்.

ஏடு கைமாறிக் கைமாறிப் போனது. குழாயைப் பார்த்து ஆமாம் என்றார்கள், விளக்கைப் பார்த்து ஆமாம் என்றார்கள். பெயரைப் பார்த்ததும் சிரித்தார்கள். எங்கள் மண்டோர் ஒருவர், நல்ல மனிதர், சொன்னார்: "வேலைய விட்டா வீட்டையும் விடணும். இதுல பேரு வேறயா?"

அவர் சொன்னதில் பொய் இல்லை. அதுதானே நம் கதை? வேலை இருக்கும்வரை வீடு. அப்பா ஓய்வு பெற்றால் மகனோ மகளோ அதே தோட்டத்தில் பேர் பதிந்தால்தான் குடும்பம் அங்கே தங்க முடியும். எத்தனை பிள்ளைகள் படிப்பை விட்டு மரத்தடிக்குப் போனதற்கு இதுவே காரணம்! அக்கா போனதும் அப்படித்தான்.

1950-களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கியபோது, வாங்கியவர்கள் துண்டு துண்டாகப் பிரித்து விற்றார்கள். 1951 முதல் 1960 வரை நடந்த இந்தத் துண்டாடலைப் பற்றிப் பேராசிரியர் உங்கு அசிஸ் ஓர் ஆய்வே செய்தார். அந்த வேளையில்தான் துன் வீ. தி. சம்பந்தன் தோட்டந் தோட்டமாகப் போய்த் தொழிலாளர்களிடம் கையேந்தினார். 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை அது முதலில் வாங்கியது. என் அப்பாவும் மாதம் பத்து வெள்ளி கட்டினார். அந்த நாளில் பத்து வெள்ளி என்பது என்ன என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். எங்கள் தோட்டத்தைச் சங்கம் வாங்கவில்லை. ஆனாலும் அப்பா அந்தப் பங்குப் பத்திரத்தைச் சாமி படத்துக்குப் பின்னால்தான் வைத்திருந்தார். 'தொழிலாளிக்கு நிலம்' என்பதும் ஒரு காலத்தில் யாரோ மனத்தில் வரைந்த படந்தானே!

அக்காவின் படம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். 1989-இல் எங்கள் தோட்டம் விற்கப்பட்டது. ஆளுக்குச் சிறு தொகை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மன்றத்து அலமாரியைத் திறந்து பார்த்தபோது ஏடுகளைக் கரையான் முடித்திருந்தது. மறு வருடம், 1990-இல், தொழிலாளர் குடியிருப்புகளின் குறைந்தபட்சத் தரத்துக்கான சட்டம் வந்தது. முதலாளி கொடுக்கும் வீட்டில் குழாய்த் தண்ணீரும் மின்சாரமும் போதிய அளவு இருக்க வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். அதாவது அக்கா கேட்ட குழாயும் விளக்கும் பதினாறு வருடம் கழித்துச் சட்டத்தில் ஏறின. வாசலில் பெயர் எழுதும் சட்டம்தான் வரவில்லை.

மறுநாள் காலையில் ஜொகூரில் இருக்கும் அக்காவைத் தொலைபேசியில் அழைத்தேன். மழை, மணிலா அட்டை, கதை வீடு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அந்தப் பொங்கல் மலருல படத்துக்குக் கீழ யாரு பேரு போட்டிருந்துச்சு, ஞாபகம் இருக்கா தம்பி?"

எனக்கு ஞாபகம் இருந்தது. என் பெயர். மன்றத்தில் பெண்கள் உறுப்பினராக முடியாது என்றிருந்ததால் அப்படிச் செய்தோம். முப்பத்தாறு குடும்பத்துக்கும் பெயர் எழுதியவளின் பெயர் அதில் இல்லை. ஐம்பது வருடத்தில் அவள் இதைக் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் மன்னிப்புக் கேட்டேன். "போடா, வயசான காலத்துல" என்று சிரித்துவிட்டாள்.

வாசகர்களே, இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், நம் பிள்ளைகளிடம் கற்பனை இல்லை, கைப்பேசியே கதி என்று நாம் பல்லவி பாடிக்கொண்டிருக்கிறோம். 2015-இல் சஞ்சய் குமார் பெருமாள் எடுத்த 'ஜகாட்' படத்தைப் பார்த்தீர்களா? தோட்டத்தை விட்டு வந்த குடும்பங்களின் கதை, 1990-களின் தொடக்கத்தில் நடப்பது. அதில் வரும் அப்போய் என்ற பையனுக்கு மனப்பாடம் வராது, கற்பனை மட்டும் ஊற்றாய்ச் சுரக்கும். அவன் அப்பாவும் கெட்டவர் அல்ல. மகன் படித்து மேலே வர வேண்டும் என்று துடிப்பவர்தான். ஆனால் அவருக்குத் தெரிந்த வழி அடி ஒன்றே. படம் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது, என்னிடம் படித்த இரண்டு மூன்று பையன்களின் முகம் வந்து நின்றது. அவர்கள் நோட்டின் கடைசிப் பக்கத்துப் படங்களை நான் கிழித்திருக்கிறேன்.

பிள்ளைகளின் பதினொரு அட்டைகளையும் நான் எங்கள் குடியிருப்போர் கூட்டத்துக்கு எடுத்துப் போனேன். மகஜர் எழுதிப் பயன் இல்லை என்று கண்ட இடம் அது. பாட்டி மாமரத்தடியில் உட்கார்ந்திருக்கும் படத்தை மின்தூக்கிக் கதவிலேயே ஒட்டிவிடலாம் என்று ஒரு தாய் சொன்னார். ஒட்டினோம். பத்தாம் நாள் மின்தூக்கி ஓடியது. பாட்டி கோயிலுக்கு வந்தார், மாலை போட்டு வரவேற்காத குறைதான். இரண்டு வாரத்தில் அது மறுபடி நின்றது என்பதையும் சொல்லிவிட வேண்டும். படம் இன்னும் கதவில் இருக்கிறது. கோயில் பட்டாவுக்காக நிர்வாகக் குழுவில் மூன்று பேர் நில அலுவலகத்துக்குப் போய் வந்துகொண்டிருக்கிறார்கள். பூட்டிய கடையின் சாவி யாரிடம் என்றே இன்னும் கண்டுபிடிக்க முடியவில்லை.

கடை திறக்கும்வரை காத்திருக்க அந்த நான்காம் படிவப் பெண் தயாராக இல்லை. தீபாவளிக்கு அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தபோது, கைப்பேசியும் மணிலா அட்டையுமாக வந்து நின்றாள். வீட்டில் இருந்த சாய்வு நாற்காலியில் அக்காவை உட்கார வைத்து, தான் முக்காலியில் உட்கார்ந்துகொண்டாள். "முதல்ல உங்க முழுப் பேரச் சொல்லுங்க பாட்டி" என்று ஆரம்பித்தாள்.

ஒன்றே முக்கால் மணி நேரம் பேச்சு. அதில் பாதி கருவாட்டுக் குழம்பைப் பற்றியது. பேசிக்கொண்டே அக்கா மூன்று வரிசை லயங்களையும் மறுபடி வரைந்தாள். கை சற்று நடுங்கியது, ஆனால் கோடு நேராகத்தான் போனது. வாசல் வாசலாகப் பெயர் எழுதினாள். முப்பத்தொரு வீட்டுக்குப் பெயர் வந்துவிட்டது. ஐந்து வீடு வெறுமையாக நின்றது. அவளுக்கு அது பொறுக்கவில்லை. ஜொகூர் திரும்பிய பிறகும், நினைவு வரும்போதெல்லாம் இரவு பத்து மணிக்குக்கூட என்னைக் கூப்பிடுகிறாள். நேற்று இரண்டாவது வரிசைக் கடைசி வீட்டுக்காரர் பெயர் கிடைத்தது. இன்னும் நான்கு வீடு பாக்கி.