ரயிலேறிப் போய்ப் பார்த்த ரக்பி

பாரீஸில் பெரிய ரக்பி ஆட்டம் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது, யார் காரில் கூப்பிட்டாலும் போகாதீர்கள் என்பதுதான். ஸ்தாத் து பிரான்ஸ் மைதானம் நகரத்துக்கு வடக்கே, சேன்-தெனி என்ற ஊரில் இருக்கிறது. ஏறத்தாழ 80,000 பேர் உட்காரலாம். ஏ1, ஏ86 என்று இரண்டு பெரிய நெடுஞ்சாலைகள் பக்கத்திலேயே ஓடுகின்றன. ஆனாலும் ஆட்ட நாளில் சுற்றியுள்ள தெருக்களை அடைத்துவிடுவார்கள், வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. 1998-இல் உலகக் கோப்பைக் கால்பந்துக்காக இந்த மைதானம் எழுந்தபோது, இதற்காகவே இரண்டு ரயில் நிலையங்களையும் சேர்த்துக் கட்டினார்கள். ஆர்.இ.ஆர். என்ற புறநகர் ரயிலின் பி தடத்தில் லா பிளேன்–ஸ்தாத் து பிரான்ஸ், டி தடத்தில் ஸ்தாத் து பிரான்ஸ்–சேன்-தெனி. வடக்குப் பக்கம் மெட்ரோ 13-இன் போர்த் து பாரீ நிலையம் அதற்கு முன்பிருந்தே இருக்கிறது. 2024 ஜூனில் மெட்ரோ 14-ம் சேன்-தெனி பிளெயேல் வரை வந்துவிட்டது. ஒரு மைதானத்தைச் சுற்றி நான்கு ரயில் தடங்கள்!

நான் புதுச்சேரி கோரிமேட்டுக்காரி. ஜிப்மருக்குப் பக்கத்தில் வீடு. அரசுப் பள்ளியில் பெண் பிள்ளைகளுக்கு விளையாட்டு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். இன்றைக்கும் தெருவில் பி.டி. டீச்சர் என்று கேட்டால்தான் வீட்டைக் காட்டுவார்கள். என் தங்கையைக் கொடுத்த வீடு சொல்தா வீடு. அவளுடைய மாமனார் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். 1962 ஆகஸ்ட் 16-இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையே இருக்கட்டும் என்று ஆறு மாத கெடுவுக்குள் எழுதிக் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். அப்படி எழுதிக் கொடுத்த குடும்பங்களின் பிள்ளைகளும் பேரன் பேத்திகளும் பலர் இன்று பாரீஸின் வடக்குப் புறநகர்களில் இருக்கிறார்கள். தங்கை இருப்பது சார்செல். அங்கே போய்த் தங்க, அவள் சார்செல் மேரியில், அதாவது நகராட்சி அலுவலகத்தில், 30 யூரோ கட்டி விருந்தினர் சான்று வாங்கி அனுப்பினாள். உறவினர் வீட்டில் தங்கப் போகிறோம் என்று விசா கேட்கிறவர்கள் இந்தக் காகிதத்தை முதல் வேலையாகக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

நான் பார்த்தது 2025 மார்ச் 15, சனிக்கிழமை ஆட்டம். இங்கிலாந்து, அயர்லாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து, இத்தாலி, பிரான்ஸ் என்று ஆறு நாடுகள் ஆண்டுதோறும் மோதும் சிக்ஸ் நேஷன்ஸ் தொடரின் கடைசி நாள் அது. பிரான்சும் ஸ்காட்லாந்தும் மோதின. பிரான்ஸ் ஜெயித்தால் கோப்பை அதற்குத்தான். இரவு 9 மணிக்கு ஆட்டம். கோரிமேட்டில் அப்போது நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி.

ஸ்காட்லாந்து என்றால் எனக்குக் கல்கத்தா கோப்பைதான் நினைவுக்கு வரும். கல்கத்தாவில் வெள்ளைக்காரர்கள் நடத்திய கால்பந்து சங்கம் ஒன்று ரக்பி ஆடியது. ஆள் குறைந்து 1878-இல் சங்கத்தைக் கலைத்தபோது, வங்கியில் இருந்த பணத்தை வெள்ளி ரூபாய்களாக எடுத்து, உருக்கி, ஒரு கோப்பை செய்து இங்கிலாந்து ரக்பி சங்கத்துக்குக் கொடுத்தார்கள். மூடியில் யானை, கைப்பிடிகள் மூன்றும் நாகப்பாம்பு. சிக்ஸ் நேஷன்ஸ் தொடரில் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் மோதும்போது இன்றுவரை அதற்காகத்தான் ஆடுகின்றன. நம் நாட்டு வெள்ளி ரூபாய் அங்கே அத்தனை மரியாதையோடு இருக்கிறது என்பதில் எனக்குப் பெருமை உண்டு. பள்ளியில் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லாமல் நான் ரக்பி பாடத்தைத் தொடங்கியதே இல்லை.

டிக்கெட் வாங்கியது தங்கை மகன். பிரெஞ்சு ரக்பி சம்மேளனத்தின் சொந்த விற்பனைத் தளத்தில், மாதக்கணக்கில் முன்பே. மைதானத்துக்கு வெளியே நின்று கூவி விற்கிறவர்களிடம் வாங்கவே கூடாது என்று அவன் கண்டிப்பாகச் சொன்னான். டிக்கெட் கைபேசியில் வரும். 80,000 பேர் ஒரே இடத்தில் கூடும்போது இணையம் தவழும். அதனால் வீட்டிலேயே திறந்து சேமித்து வைத்துக்கொள்ள வேண்டும், சார்ஜும் நிறைய இருக்க வேண்டும்.

ரயில் டிக்கெட் கணக்கு 2025 ஜனவரியிலிருந்து எளிமையாகிவிட்டது. அதற்கு முன் தூரத்துக்குத் தூரம் கட்டணம் மாறும். இப்போது பாரீஸ் வட்டாரம் முழுவதற்கும், மெட்ரோ, புறநகர் ரயில் எதுவானாலும், ஒரே கட்டணம். 2025-இல் அது ஒரு தடவைக்கு 2.50 யூரோவாக இருந்தது. அப்போது நம் பணத்தில் 230 ரூபாய்க்குச் சற்று மேல். விமான நிலையத்துக்கு மட்டும் தனிக் கட்டணம், 2025-இல் அது 13 யூரோ. நவிகோ ஈசி என்ற அட்டையை 2 யூரோ கொடுத்து வாங்கி அதில் டிக்கெட்டை ஏற்றிக்கொள்ளலாம். ஆளுக்கு ஓர் அட்டை வேண்டும். ஒன்றை வைத்து இரண்டு பேர் போக முடியாது. பேருந்து டிக்கெட் வேறு, ரயில் டிக்கெட் வேறு, ஒன்றில் வாங்கியது இன்னொன்றில் செல்லாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

"பெரியம்மா, போறதுக்கு ஏத்தும்போதே வர்றதுக்கும் சேர்த்து ஏத்திடுங்க. ராத்திரி அங்க மெஷின் முன்னாடி நிக்க முடியாது" என்றான் பையன். அன்று எனக்குக் கிடைத்த யோசனைகளில் இதுதான் தலையாயது. ஆட்டம் முடிந்ததும் டிக்கெட் இயந்திரங்களின் முன்னால் நின்ற வரிசையைப் பார்த்தபோது அவனை மனதுக்குள் வாழ்த்தினேன்.

சார்செல்காரர்களுக்கு இன்னொரு வசதி இருக்கிறது. பாரீஸிலிருந்து வருகிற கூட்டம் தெற்கிலிருந்து வடக்கே வரும். நாங்கள் வடக்கிலிருந்து தெற்கே போகிறோம். கார்ஜ்–சார்செல் நிலையத்தில் டி ரயில் ஏறினால் பியேர்ஃபித்–ஸ்தேன், சேன்-தெனி, அடுத்தது மைதானம். உட்கார்ந்தே போனோம். ஆறரைக்கெல்லாம் இறங்கிவிட்டோம். நிலையத்திலிருந்து சேன்-தெனி கால்வாயைத் தாண்டி நடக்க வேண்டும். வழியெல்லாம் நீலச் சட்டை போட்ட பிரெஞ்சுக்காரர்கள், கட்டம் போட்ட பாவாடை கட்டிய ஸ்காட்லாந்து ஆண்கள், ஒருவர் கையில் பேக்பைப் இசைக்கருவி. கால்பந்தில் இரு தரப்பு ரசிகர்களையும் பிரித்து உட்கார வைப்பார்கள். ரக்பியில் அந்தப் பிரிவினை கிடையாது. ஒரே ரயிலில் வந்து, ஒரே வரிசையில் நின்று, பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து எதிரெதிர் அணிக்குக் கத்துகிறார்கள். விளையாட்டு சொல்லிக்கொடுத்தவள் என்ற முறையில் எனக்கு இதைவிட நிறைவான காட்சி இல்லை.

அந்த நடைபாதையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2022 மே 28-இல் லிவர்பூலும் ரியல் மாட்ரிட்டும் ஆடிய சாம்பியன்ஸ் லீக் கால்பந்து இறுதி ஆட்டம் இங்கேதான் நடந்தது. அன்று பி தடத்தில் வேலைநிறுத்தம். வழக்கமாக அதில் வரவேண்டிய கூட்டம் டி தடத்துக்கு மாறியது. இந்தப் பக்கத்தில் நெடுஞ்சாலைப் பாலத்தடியில் போட்டிருந்த சோதனைச் சாவடியோ குறுகலானது. வந்த கூட்டத்தை வேறு வழிக்குத் திருப்பிவிட ஆளில்லை. நெரிசல் கட்டுக்கடங்காமல் போய், குடும்பம் குழந்தையோடு வந்தவர்கள் மீதெல்லாம் கண்ணீர்ப்புகை விழுந்தது. ஆட்டமே 36 நிமிடம் தாமதம். பழி முதலில் ரசிகர்கள் மேல் விழுந்தது. ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஇஎஃப்ஏ நியமித்த தனிக் குழு 2023 பிப்ரவரியில் கொடுத்த அறிக்கை, முதன்மைப் பொறுப்பு யூஇஎஃப்ஏ மீதே என்று சொன்னது. ஒரு ரயில் தடம் நின்றால் இத்தனை நடக்கும். ஆகவே ஆட்டத்துக்கு முந்தின நாளும் அன்று காலையும் ரயில் ஓடுகிறதா என்று பார்ப்பது, டிக்கெட் வாங்குவதற்குச் சமமான வேலை. ஈல்-து-பிரான்ஸ் மொபிலிதே என்ற செயலியில் எல்லாத் தடங்களின் நிலவரமும் வந்துவிடும்.

சோதனை இரண்டு கட்டம். வெளிவட்டத்தில் பையைத் திறந்து காட்ட வேண்டும், உடம்பைத் தடவிப் பார்ப்பார்கள். பெண்களுக்குப் பெண் காவலர். அடுத்து டிக்கெட்டைக் காட்டித் திருகு கதவு வழியாக நுழைவது. 2015 நவம்பர் 13-இல் தற்கொலைப் படையினர் இந்த மைதானத்தின் வாசலில்தான் வெடித்தார்கள், உள்ளே புக முடியவில்லை. அதை அறிந்தவர்கள் இந்தச் சோதனைக்குச் சலித்துக்கொள்வதில்லை. பெரிய பையும் கண்ணாடி பாட்டிலும் கொண்டுபோகக் கூடாது. நான் தோளில் ஒரு சின்னப் பை, சால்வை, புடவைக்கு மேல் கனமான கோட்டு. மார்ச் மாதத்து இரவு எலும்பைத் தொடும்.

பிரெஞ்சு தேசிய கீதமான மார்செயேஸ் பாடும்போது என்னால் அமைதியாக நிற்க முடியவில்லை. பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை 14-க்கு நம் கடற்கரைச் சாலைப் போர் நினைவிடத்தில் வயதான சொல்தாக்கள் பதக்கம் குத்திக்கொண்டு நின்று பாடுவதைச் சிறு வயதிலிருந்து கேட்டவள் நான். ஒரு சிலர் மெல்லிய குரலில் பாடிக் கேட்டதை 80,000 பேர் பாடக் கேட்டேன். தங்கையின் கொழுந்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. பக்கத்துக்கு 15 பேர், 80 நிமிடம். பந்தை ஏந்திக்கொண்டு முன்னால் ஓடலாம், உதைக்கலாம். கையால் கொடுப்பதானால் பின்னால்தான் கொடுக்க வேண்டும். எதிரணிக் கோட்டைத் தாண்டித் தரையில் பந்தை அழுத்தினால் ட்ரை, 5 புள்ளி. அதன் பிறகு கம்பத்துக்கு நடுவே உதைத்தால் இன்னும் 2. தண்டனை உதைக்கு 3. ஓடி வருகிறவனின் இடுப்பையும் காலையும் கட்டி விழ வைக்கும் பிடி, நம் கபடியில் பாடி வருகிறவரைக் கோட்டுக்குள்ளேயே அமுக்கும் பிடிதான். அதனால் கபடி பார்த்த கண்ணுக்கு ரக்பி சீக்கிரம் பிடிபடும்.

இடைவேளையில் 16-க்கு 13. பிரான்ஸ் மூன்றே புள்ளிதான் முன்னால். அதற்குச் சற்று முன் ஸ்காட்லாந்து போட்ட ஒரு ட்ரையைக் காணொளியில் பார்த்து, முன்னதாக ஒருவரின் கால் பக்கக் கோட்டில் பட்டுவிட்டது என்று ரத்து செய்தார்கள். அது நின்றிருந்தால் கதையே வேறு. இடைவேளை முடிந்து வந்ததும் லூயி பியெல்-பியாரே ஒரு ட்ரை போட்டார். அந்தத் தொடரில் அவருக்கு அது எட்டாவது. கடைசியில் 35-க்கு 16. அணித் தலைவர் அந்துவான் துப்போன் முந்தின வாரம் டப்ளினில் முழங்காலில் அடிபட்டு ஆட முடியாமல் போயிருந்தார். அவர் இல்லாமலே கோப்பை வந்தது. அதே இரவில் தொமா ரமோஸ் பிரான்சுக்காக அதிகப் புள்ளி எடுத்தவர் என்ற சாதனையையும் எட்டினார்.

இனி, திரும்புவது. போவதைத் திட்டமிடாமல்கூடப் போய்ச் சேர்ந்துவிடலாம். பிற்பகலிலிருந்து ஏழெட்டு மணி வரை கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வரும். திரும்பும்போது அத்தனை பேரும் ஒரே நேரத்தில் எழுந்திருக்கிறார்கள். ஆட்டம் முடிந்தபோது மணி பதினொன்றை நெருங்கிவிட்டது. நாங்கள் கோப்பை கொடுக்கும் வரை இருந்தோம், பிறகு உள்ளேயே கழிப்பறைக்குப் போய்விட்டு நிதானமாக வெளியே வந்தோம். என் வயதுப் பெண்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன்: ரயில் நிலையங்களில் கழிப்பறை கிடைப்பது அரிது, மைதானத்திலேயே போய்விட்டு வாருங்கள்.

நிலைய வாசலில் ஊழியர்கள் கூட்டத்தைத் தடுத்துத் தடுத்து, நடைமேடை காலியானால்தான் அடுத்த பகுதியினரை உள்ளே விடுகிறார்கள். யாரும் முட்டிக்கொண்டு முன்னேறவில்லை. பாரீஸ் பக்கத்து நடைமேடை நிரம்பி வழிந்தது. வடக்கே போகும் எங்கள் நடைமேடையில் நிற்க இடம் தாராளம். டி தடத்தில் இரவுப் பராமரிப்புக்காகச் சில நாட்களில் ரயிலை முன்னதாகவே நிறுத்திவிட்டு மாற்றுப் பேருந்து விடுவது உண்டு என்பதால், கடைசி ரயிலை நம்பி உட்காராமல் அதற்கு முந்தியதைக் குறிவைத்திருந்தோம். பாரீஸுக்குள் போகிறவர்களுக்கு இவ்வளவு கவலை வேண்டாம். வெள்ளி, சனி இரவுகளில் மெட்ரோ சுமார் இரண்டு மணி வரை ஓடும். அதற்கும் பிறகு நொக்திலியன் என்ற இரவுப் பேருந்துகள் இருக்கின்றன.

அங்கே உறவினர் யாரும் இல்லாதவர்கள் தங்குவதற்கு நான் சொல்வது கார் து நோர் நிலையத்தைச் சுற்றியுள்ள பகுதி. அங்கிருந்து மைதானம் பி தடத்திலும் சரி, டி தடத்திலும் சரி, ஒரே நிறுத்தம். நிலையத்தின் பின்புறம் நடந்தால் லா ஷப்பல். ஈழத்தமிழர் கடைகள் வரிசையாக இருக்கும். இட்லி, வடை, கொத்து ரொட்டி, மல்லிகைப்பூ எல்லாம் கிடைக்கும். பக்கத்தில் பஜோல் தெருவில் மாணிக்க விநாயகர் கோயில். மதியம் அங்கே வயிறாரச் சாப்பிட்டுவிட்டு மாலையில் ரயிலேறினால் மைதானத்து விலையில் உணவு வாங்கத் தேவையிருக்காது.

பாரீஸ் எல்லாருக்கும் எட்டாது என்பது எனக்குத் தெரியும். அதனால் மும்பையையும் சொல்லிவிடுகிறேன். 2025 ஜூனில் அந்தேரி விளையாட்டு வளாகத்தில் இந்தியாவின் முதல் ரக்பி பிரீமியர் லீக் நடந்தது. பக்கத்துக்கு ஏழு பேர் ஆடும் வேகமான வடிவம். ஆறு அணிகளில் சென்னை புல்ஸ்தான் முதல் சாம்பியன். இறுதி ஆட்டத்தில் டெல்லி ரெட்ஸை 41-0 என்று வென்றார்கள். அந்த வளாகத்துக்கும் மெட்ரோ உண்டு, ஆசாத் நகர் நிலையம், இறங்கினால் நடக்கிற தூரம். என்னிடம் கபடி ஆடிய பிள்ளைகள் சிலர் இப்போது தாங்களே பி.டி. டீச்சர்கள். அடுத்து சென்னை அணி எப்போது ஆடினாலும் சேர்ந்து போவது என்று பேசி வைத்திருக்கிறோம். ஜிப்மர் வாசலில் திண்டிவனம் வழியாகப் போகும் சென்னை பஸ் ஏறினால், அங்கிருந்து மும்பைக்கு ரயில்.