வானத்தைப் படம் பிடிக்க முதலில் எதை வாங்குவது?

சான் ரமோனுக்கு வந்த முதல் வருடம் நாங்கள் இரவில் வானத்தை அண்ணாந்து பார்த்ததே இல்லை. தொழிற்சாலையில் இரண்டாம் ஷிப்ற் முடிந்து வந்தால் கதவைப் பூட்டிப் படுப்பதுதான் வழக்கம். வன்னியில் வளர்ந்த எங்களுக்கு இரவு வானத்தில் வெளிச்சம் என்றால் அது பரா லைற். உடனே பதுங்குகுழிக்குள் இறங்கவேண்டும். அம்மா இங்கு வந்தும் இருட்டிய பின் வாசலுக்கு வரமாட்டார்.

பத்து வயது மகன் பள்ளிக்கூடத்தில் ஓரியன் நெபுலாவின் படத்தைப் பார்த்துவிட்டு வந்து, "நாங்களும் இப்பிடி எடுக்கலாமோ அப்பா?" என்று கேட்டான். பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவர்கள் நாங்கள். பதில் தெரியாமல் கடைக்குப் போனோம். அங்கேதான் முதல் பிழையை விட்டோம்.

பெட்டியில் எழுதியிருந்ததை நம்பினோம்

'525 மடங்கு பெருப்பிக்கும்' என்று பெட்டியில் பெரிய எழுத்தில் இருந்தது. ஓவர்ரைம் காசில் 140 டொலர் கொடுத்தோம். வீட்டில் பூட்டிப் பார்த்தால் முக்காலி ஈர்க்கு மாதிரி. தொட்டால் சந்திரன் துள்ளி ஓடியது. மகன் ஒன்றும் பேசாமல் அதைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தான். கடைக்காரர் திருப்பி எடுக்கவில்லை.

பிறகுதான் விளங்கிக்கொண்டோம். ஒரு தொலைநோக்கியின் முன்கண்ணாடி எத்தனை அங்குல அகலமோ, அங்குலத்துக்கு 50 மடங்கு வரைதான் பெருப்பிப்பது பயன்படும். எங்களுடையது 60 மில்லிமீற்றர். ஆகவே 120 மடங்குக்கு மேல் எல்லாம் வெறும் கலங்கல். படம் பிடிப்பதற்கோ பெருப்பிப்பதைவிட ஆடாமல் நிற்பதே முக்கியம்.

மூன்று கை மாறிய தொலைநோக்கி

இதற்கு எங்களுக்குப் பக்கத்திலேயே ஒரு சாட்சி இருக்கிறது. சான் ஹொசேக்குக் கிழக்கே ஹமில்ரன் மலையில் உள்ள லிக் வானாய்வு நிலையத்துக்கு 1895 இல் 36 அங்குலத் தொலைநோக்கி ஒன்று நன்கொடையாகக் கிடைத்தது. இங்கிலாந்தில் அன்ட்ரூ கொமன் என்பவர் 1883 இல் ஓரியன் நெபுலாவைப் படம் பிடித்தது அதனால்தான். அவரிடமிருந்து அதை வாங்கிய எட்வேர்ட் குறொஸ்லி பின்னர் லிக்குக்குக் கொடுத்தார். அதன் தாங்கி சரியில்லாததால் வேலை செய்வது கடினமாக இருந்தது. 1898 இல் இயக்குநராக வந்த ஜேம்ஸ் கீலர் அதைத் திருத்தி, 1900 இல் இறக்கும்வரை நெபுலாக்களைப் படம் பிடித்தார். வானத்தில் சுருள் வடிவங்கள் எவ்வளவு ஏராளம் என்பது அந்தப் படங்களால் தெரியவந்தது. கைமாறி வந்த பொருள் என்று வெட்கப்பட எதுவும் இல்லை. தாங்கியைத்தான் முதலில் பார்க்கவேண்டும்.

எங்கள் இரண்டாவது முயற்சி

பழைய டிஜிட்டல் கமரா ஒன்றை 18-55 லென்சோடு 120 டொலருக்கும், பாரமான முக்காலி ஒன்றை 30 டொலருக்கும் பாவித்த பொருளாக வாங்கினோம். கமராவில் நேரத்தையும் குவியத்தையும் கையால் மாற்ற முடியவேண்டும். வாங்குமுன் அதை மட்டும் கட்டாயம் பாருங்கள்.

பூமி சுழல்வதால் நட்சத்திரங்கள் நகருகின்றன. லென்சை 18 இல் வைத்தால் 15 செக்கன் வரை அவை புள்ளியாக வரும். அதற்கு மேல் கோடாக இழுபடும். ஐ.எஸ்.ஓ. 1600 இல் வையுங்கள். தானாகக் குவிவதை நிறுத்தி, பிரகாசமான ஒரு நட்சத்திரத்தைத் திரையில் பெருப்பித்து, அது மிகச் சிறிதாகும்வரை லென்சைத் திருப்புங்கள். பொத்தானை அமத்தினாலே கமரா ஆடும்; ஆகவே 2 செக்கன் ரைமரைப் போடுங்கள்.

ஒரு படத்தோடு நிறுத்தாமல் நூறு எடுங்கள். 'டீப்ஸ்கை ஸ்ராக்கர்', 'சிரில்' என்ற இலவச மென்பொருட்கள் அவற்றை ஒன்றாக அடுக்கும். நூறு படங்கள் சேர்ந்தால் இரைச்சல் புள்ளிகள் பத்தில் ஒரு பங்காகக் குறையும்.

இதில் கை பழகிய பிறகு, பூமியின் சுழற்சிக்கு ஈடாகக் கமராவைத் திருப்பும் சிறு இயந்திரத்தை வாங்கலாம். இங்கு 'ஸ்ரார் ட்ராக்கர்' என்பார்கள். அதன் அச்சைத் துருவ நட்சத்திரத்தை நோக்கி வைக்கவேண்டும். கையை நீட்டி முட்டி பிடித்தால் ஏறக்குறைய 10 பாகை. கிளிநொச்சியில் துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து ஒரு முட்டி உயரத்தில், பனை வடலிக்குள் மறைந்து நின்றது. இங்கு அது 38 பாகையில், நாலு முட்டிக்குக் கிட்ட நிற்கிறது. நாங்கள் எவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்பதை வானமே அளந்து காட்டுகிறது. தொலைநோக்கி வாங்குவதெல்லாம் அதற்கும் பிறகுதான்.

ஒரு எச்சரிக்கை: சூரியனுக்குரிய வடிகட்டியை முன்பக்கம் பூட்டாமல் எந்தக் கருவியையும் சூரியனை நோக்கித் திருப்பப் பிள்ளைகளை விடாதீர்கள். கண் போய்விடும்.

எங்கே போவது?

சந்திரனையும் ஓரியனையும் வீட்டு வாசலில் நின்றே எடுக்கலாம். பால்வீதிக்கு இருட்டு வேண்டும். பக்கத்தில் இருக்கும் டியாப்லோ மலைப் பூங்காவைச் சூரியன் மறைந்ததும் பூட்டிவிடுவார்கள். ஆனால் மவுண்ட் டியாப்லோ வானியற் கழகத்தார் சில சனிக்கிழமை இரவுகளில் பொதுமக்களுக்கு அங்கே வானம் காட்டுகிறார்கள். திகதியைப் பார்த்துவிட்டுப் போங்கள். இங்கிலிஷ் தடுமாறினாலும் பரவாயில்லை. கேள்வி கேட்பவர்களை அவர்களுக்குப் பிடிக்கும். கழகங்கள் பல அங்கத்தவர்களுக்குக் கருவிகளை இரவல் கொடுப்பதும் உண்டு. வாங்குமுன் கேட்டுப் பாருங்கள்.

கடந்த ஜனவரியில் ஒரு ஞாயிறு இரவு, கார் நிறுத்துமிடத்தில் நின்று ஓரியனை எடுத்தோம். வரிசையான மூன்று நட்சத்திரங்களுக்குக் கீழே மங்கலான இளஞ்சிவப்புப் பொட்டு ஒன்று விழுந்திருந்தது. அதுதான் நெபுலா. பல்லவர் காலத்தில் புறப்பட்ட ஒளி! மகன் படத்தை அம்மாவிடம் ஓடிப்போய்க் காட்டினான். அம்மா கண்ணாடியைப் போட்டு, மேலே சிவப்பாய் நின்ற நட்சத்திரத்தில் விரலை வைத்தார்.

"இது திருவாதிரையெல்லோ. எங்கட முத்தத்துக்கு மேலை நிண்டது."

பிறகு சால்வையை எடுத்துப் போர்த்துக்கொண்டு, "எங்கை நிக்குது, காட்டு பாப்பம்" என்று மகனோடு வாசலுக்கு வந்தார்.