நீதியின் எல்லைகள் – 9: ஒரு மாவட்ட நீதிபதி, ஒரு நாடு

2025 ஜனவரி 23. சியாட்டில் ஃபெடரல் நீதிமன்றத்தில் அரசு வழக்கறிஞர் வாதாடிக்கொண்டிருக்கும்போதே நீதிபதி ஜான் கஃப்னவர் குறுக்கிட்டார். இந்த ஆணை அரசியல் சட்டப்படி செல்லும் என்று ஒரு வழக்கறிஞரால் எப்படி அடித்துச் சொல்ல முடிகிறது என்று கேட்டார். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக நீதிபதியாக இருக்கும் தனக்கு இத்தனை தெளிவான வழக்கு வந்ததாக நினைவில்லை என்றும் சொன்னார். அவரை நியமித்தவர் குடியரசுக் கட்சியின் ரீகன்.

டிரம்ப் பதவியேற்ற அன்றே கையெழுத்திட்ட ஆணை அது. தாய் சட்டவிரோதமாகவோ தற்காலிக விசாவிலோ தங்கியிருந்து, தந்தையும் குடிமகனாகவோ பச்சை அட்டைக்காரராகவோ இல்லாவிட்டால், அமெரிக்க மண்ணில் பிறக்கும் குழந்தைக்குக் குடியுரிமை கிடையாது. எச்-1பி விசாவில் போன தமிழ்நாட்டுத் தம்பதிகளின் குழந்தைகளுக்கும் அதே கதிதான். 1868-இன் 14ஆவது திருத்தம் தந்து, 1898-இல் வாங் கிம் ஆர்க் வழக்கில் உச்ச நீதிமன்றமே உறுதிசெய்த உரிமை இது.

கஃப்னவரின் தடை நாடு முழுவதையும் கட்டுப்படுத்தியது. ஒரு மாவட்ட நீதிபதிக்கு இவ்வளவு அதிகாரமா?

இரண்டு கட்சிகளுமே கேட்ட கேள்வி இது. 2015-இல் ஒபாமாவின் குடியேறிகள் திட்டத்தை டெக்சஸில் ஆண்ட்ரூ ஹேனன் முடக்கினார். 2017-இல் டிரம்பின் பயணத் தடையை ஹவாயில் டெரிக் வாட்சன் முடக்கினார். மிக மோசமான உதாரணம் டெக்சஸின் அமரில்லோ. அங்கே சிவில் வழக்குப் போட்டால் அநேகமாக ஒரே நீதிபதியிடம்தான் போகும்: மாத்யூ காஸ்மரிக். மிஃபெப்ரிஸ்டோன் என்ற கருக்கலைப்பு மாத்திரைக்கு 2000-இல் தரப்பட்ட ஒப்புதலை 2023-இல் நிறுத்திவைக்க உத்தரவிட்டவர் அவர். நீதிபதியைப் பார்த்து ஊரைத் தேர்ந்தெடுக்கும் இந்தப் பழக்கத்துக்குக் கடிவாளம் தேவை என்பதில் சந்தேகமே இல்லை.

ஆனால் உச்ச நீதிமன்றம் 2025 ஜூன் 27-இல் வெட்டியது வேறு இடத்தில். 6-3 பெரும்பான்மைக்காக ஏமி கோனி பாரெட் எழுதிய தீர்ப்பின்படி, இத்தகைய பொதுத் தடை விதிக்கும் அதிகாரத்தை 1789-ஆம் ஆண்டு நீதித்துறைச் சட்டம் தரவில்லை. வழக்குப் போட்டவருக்கு முழு நிவாரணம் கிடைத்தால் போதும். ஆணை செல்லுமா என்பதைத் தீர்ப்பு தொடவேயில்லை. அப்படியானால் ஒரே பிரசவ வார்டில் வழக்குப் போட்ட தாயின் குழந்தை குடிமகன். அடுத்த கட்டிலில் வக்கீலுக்குப் பணமில்லாத தாயின் குழந்தை அந்நியன். உரிமையை இப்படி ஆளுக்கு ஆள் பிரித்துக் கொடுப்பது அநியாயம்.

தீர்ப்பு விட்டுவைத்த வழி, ஒரு பிரிவினர் அனைவருக்குமான கூட்டு வழக்கு. ஜூலை 10-ஆம் தேதியே நியூ ஹாம்ப்ஷயரில் நீதிபதி ஜோசப் லப்ளான்ட் அந்த வழியில் குழந்தைகளுக்குப் பாதுகாப்புத் தந்தார். பிப்ரவரியில் தன் தடையை மனுதாரர்களோடு நிறுத்திக்கொண்டவர் அவர்.

இன்னொரு வழியும் உண்டு. ரூஸ்வெல்ட் காலத்தில் கீழ் நீதிமன்றங்கள் அவரது சட்டங்களுக்கு எதிராகச் சுமார் 1,600 தடைகள் விதித்தன. 1937-இல் அமெரிக்க நாடாளுமன்றம், அரசியல் சட்டத்துக்கு முரண் என்று ஒரு மத்தியச் சட்டத்துக்குத் தடை போட மூன்று நீதிபதிகள் கூடி உட்கார வேண்டும், மேல்முறையீடு நேரே உச்ச நீதிமன்றத்துக்குப் போகும் என்று விதித்தது. 1976-இல் அந்த ஏற்பாடு கைவிடப்பட்டது. ஜனாதிபதியின் ஆணைகளையும் அரசுத் துறைகளின் முடிவுகளையும் சேர்த்து, அந்த மூவரின் தடை எல்லோருக்கும் பொருந்தும் என்ற விதியோடு அதை மீட்டிருந்தால், அமரில்லோவின் தனி ஆட்டமும் முடிந்திருக்கும். அடுத்த கட்டில் குழந்தையும் தப்பித்திருக்கும்.