சீவலப்பேரிக்குள் ஒளிந்திருக்கும் ராஜா

சீவலப்பேரி என்றதும் யார் நினைவுக்கு வருகிறார்? 1994-இல் நெப்போலியன் நடித்து வெளிவந்த ‘சீவலப்பேரி பாண்டி’தானே? இருங்கள், அந்த ஊர்ப்பெயரின் தோலைக் கொஞ்சம் உரிப்போம். பேரேரி என்றால் பெரிய ஏரி. அது ஜனங்கள் வாயில் உருண்டு பேரி ஆனது. மிச்சம் நிற்கிற ‘சீவல’ யார்? ஸ்ரீவல்லபன்! சாட்சாத் பாண்டிய ராஜா! ஸ்ரீவல்லபப் பேரேரி தேய்ந்துதான் சீவலப்பேரி. வெற்றிலைக்குப் போடுகிற சீவல் அளவுக்கு ராஜாவை நறுக்கிவிட்டார்கள் நம் ஆட்கள். சினிமா போஸ்டரில் பக்கத்திலேயே ‘பாண்டி’யும் சேர்ந்துகொண்டதா, ஸ்ரீவல்லப பாண்டியன் முழுசாகவே சுவரில் ஏறிவிட்டார். ஒருத்தரும் கண்டுகொள்ளவில்லை!

இந்த விளையாட்டில் ஒருமுறை இறங்கிவிட்டால் தாமிரபரணிக் கரையில் நிம்மதியாகப் பஸ் பயணம் போக முடியாது. ஒவ்வொரு ஸ்டாப்பிலும் ஒரு புதிர் ஏறிக்கொள்ளும்.

நம்மை இந்தப் பித்துக்குள் இழுத்துவிட்டவர் ரா.பி. சேதுப்பிள்ளை. ஆற்றங்கரை ராஜவல்லிபுரத்துக்காரர், சட்டம் படித்து வக்கீலாக இருந்தவர். 1946-இல் வந்த ‘ஊரும் பேரும்’ நூலில் தமிழ்நாட்டு ஊர்ப்பெயர்களை ஒவ்வொன்றாகக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்திருக்கிறார். பின்னாளில் இடப்பெயராய்வு என்று தனித் துறையே வளர்ந்துவிட்டது.

சரி, திரைக்குப் பின்னால் என்னதான் நடக்கிறது? எட்டிப் பார்ப்போம்.

முதல் பாடம்: பெயர்ப்பலகையை நம்பாதே, பாட்டியின் வாயைக் கேள். பலகையில் சேரன்மகாதேவி, வாயில் சேர்மாதேவி. பலகையில் கல்லிடைக்குறிச்சி, வாயில் கல்லடக்குறிச்சி. திருநெல்வேலியே திருநவேலிதானே? பாவம் விக்கிரமசிங்கபுரம், இரண்டு இங்கிலீஷ் எழுத்தாகச் சுருங்கி வி.கே.புரம் ஆகிவிட்டது. 2020 ஜூனில் அரசாங்கமே 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்றபடி மாற்றி ஆணை வெளியிட்டு, வந்த கூச்சலில் அதே மாதம் திரும்பப் பெற்றுக்கொண்டது. எழுத்துக்கூட்டலில் கை வைத்தாலே ஊர் எப்படிக் கொதிக்கிறது பாருங்கள்!

இரண்டாவது பாடம் கல்லில் இருக்கிறது. கோயில் அடித்தளக் கல்லைத் தேய்த்துக் கழுவி, நனைத்த தாளை அதன்மேல் ஒட்டுவார்கள். பிரஷ்ஷால் தட்டித் தட்டி எழுத்துப் பள்ளத்துக்குள் தாளை இறக்க வேண்டும். தாள் லேசாக உலர்ந்ததும் மைப்பொதியால் ஒத்தினால், மேடெல்லாம் கறுப்பு, பள்ளமெல்லாம் வெள்ளை. ஆயிரத்துச் சொச்சம் வருஷத்து எழுத்து பளிச்சென்று எழுந்து நிற்கும்! இதற்குப் பெயர் மைப்படி. ஆனால் பாண்டிய நாட்டின் பழைய கல்வெட்டுகள் வட்டெழுத்தில் இருக்கும். அதில் பவும் வவும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. புள்ளியும் பெரும்பாலும் வைக்கமாட்டார்கள். ஒரு ஊர்ப்பெயரை எப்படி வாசிப்பது என்று அறிஞர்கள் மல்லுக்கட்டுவதற்கு இது போதாதா?

அம்பாசமுத்திரத்துக்கு வாருங்கள். அங்குள்ள வரகுண பாண்டியனின் 9-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு, ராஜா கோயில் செலவுக்காக ஊர்ச் சபையிடம் 290 காசு முதல் வைத்ததைச் சொல்கிறது. காசுக்கு இரண்டு கலமாக வருஷத்துக்கு 580 கலம் நெல் வட்டி. எந்த ஊர்ச் சபை? இளங்கோய்க்குடிச் சபை! அம்பாசமுத்திரம் என்ற பேச்சே இல்லை. கணக்கு சுத்தம், காசு சுத்தம், ஊர்ப்பெயர்தான் வேறு. அந்த சமுத்திரம் இருக்கிறதே, அது இன்னொரு வேடிக்கை. கடல் எங்கோ புன்னைக்காயலில் கிடக்க, மலையடிவாரத்தில் அம்பாசமுத்திரம், ரவணசமுத்திரம், கோபாலசமுத்திரம் என்று வரிசையாக சமுத்திரங்கள். குளம் வெட்டிவிட்டு சமுத்திரம் என்று பெயர் வைக்க நம் ஆட்களுக்குக் கூச்சமே கிடையாது.

எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. இந்தப் பள்ளத்தாக்கில் பெயருக்கு ஆயுள் கொடுப்பது தண்ணீர்தான். பிராமணர்களுக்கு ஊரைத் தானம் கொடுத்த ராஜாக்கள் ஒட்டிவைத்த ‘சதுர்வேதிமங்கலம்’ என்ற நீண்ட வாலை ஜனங்கள் வெட்டி எறிந்துவிட்டார்கள். சேரவன்மாதேவிச் சதுர்வேதிமங்கலத்தில் ராணி மாதேவி மட்டும் தப்பித்தாள். பேரியும் மடையும் குளமும் அப்படியே நிற்கின்றன. பாய்க்குப் பேர்போன பத்தமடையைப் பத்து மடை என்கிறார்கள், நாங்குநேரியை நான்கு ஏரி என்கிறார்கள். ஸ்ரீவல்லபன் பிழைத்ததுகூட ஏரியைப் பிடித்துக்கொண்டதால்தான். கங்கைகொண்டான் மாதிரி வெறும் பட்டப்பெயராகவே நிலைத்த ஊரும் இருக்கிறது, மறுக்கவில்லை.

தாமிரபரணி அணைக்கட்டுகளின் பெயர்களைக் கேளுங்கள்: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். நதியுண்ணி! நதியையே உண்கிறதாம்! இந்தப் பெயரை வைத்த ஆள் யாரோ, அவருக்கு ஒரு சிலை வைக்கலாம்.

பெயரே இடம் மாறி உட்காருவதும் உண்டு. முக்கூடற்பள்ளு பாடுகிற முக்கூடல், சீவலப்பேரிப் பக்கம் தாமிரபரணியோடு சிற்றாறு கலக்கிற இடம். இன்று முக்கூடல் என்று டிக்கெட் கேட்டால் கண்டக்டர் உங்களைப் பாப்பாக்குடிப் பக்கம் கொண்டுபோய் இறக்கிவிடுவார்!

திருநெல்வேலிக்கோ தலபுராணக் கதையே உண்டு. வேதசர்மா காயப்போட்ட நெல்லை மழை நனைக்காமல் சிவன் வேலி போட்டுக் காத்தாராம். ஆய்வாளர்கள் இந்த மாதிரிக் கதையைச் சிரித்துத் தள்ளுவதில்லை, தனியாக ஒரு பக்கத்தில் குறித்துக்கொள்கிறார்கள். பெயரைக் கதை பெற்றதா, கதையைப் பெயர் பெற்றதா என்பது அடுத்த ரகளை.

இதே கூத்து அயர்லாந்திலும் நடந்திருக்கிறது. அங்கே நில அளவைத் துறை வரைபடம் போட்டபோது, 1830-களில் ஜான் ஓடோனவன் ஊர் ஊராகப் போய், பெரியவர்களை ஊர்ப்பெயரைச் சொல்லவைத்துக் கேட்டு எழுதினார். பாட்டி வாயைக் கேட்கிற அதே வித்தை!

அயர்லாந்துக்காரர்கள் நம் ஊருக்கும் வந்திருக்கிறார்களே. இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் 1814-இல் ஆன்ட்ரிம் மாவட்டத்தில் பிறந்தவர். 1881-இல் திருநெல்வேலிச் சரித்திரம் எழுதி, தாமிரபரணி என்ற பெயரை அலசினார், கொற்கையில் தோண்டியும் பார்த்தார். அந்தக் கொற்கையை ஆய்வாளர் ஆர். பாலகிருஷ்ணன் 2010 கோவை செம்மொழி மாநாட்டில் எங்கே கொண்டுபோனார் தெரியுமா? கொற்கை, வஞ்சி, தொண்டி என்ற பெயர்கள் பாகிஸ்தான் பக்கத்து ஊர்ப்பெயர்களிலும் இருப்பதைக் காட்டிச் சிந்துவெளிக்கே முடிச்சுப் போட்டார். ஒலி ஒற்றுமையை மட்டும் பிடித்துக்கொண்டு அவ்வளவு தூரம் போகலாமா என்று எனக்குத் தயக்கம்தான், ஆனாலும் அந்தப் பெயர் வரிசையைப் பார்க்கப் பார்க்க மயிர்க்கூச்செறிகிறது.

இன்னொரு அயர்லாந்துக்காரர் ஏமி கார்மைக்கேல். டவுன் மாவட்டத்து மில்லைல் ஊரில் பிறந்து, களக்காட்டு மலையடிவாரத்து டோனாவூரில் குழந்தைகளை வளர்த்தவர். டோனாவூர் என்ன பெயர் என்கிறீர்களா? பணம் கொடுத்து உதவிய ஜெர்மானியப் பிரபு டோனா. பிரபுவுக்குப் பின்னால் ஒரு ‘ஊர்’ சேர்த்தார்கள், அவ்வளவுதான், ஆத்தூர், மானூர் வரிசையில் அவரும் ஜம்மென்று உட்கார்ந்துவிட்டார்!