தொழிலாளர்களுக்காகப் பேசும் உரிமை யாருக்கு?

சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில், ஸ்ரீபெரும்புதூருக்கும் காஞ்சிபுரத்துக்கும் இடையே உள்ள சிற்றூர் சுங்குவார்சத்திரம். அங்குள்ள சாம்சங் ஆலையில் குளிர்பதனப் பெட்டி, சலவை இயந்திரம், தொலைக்காட்சி ஆகியவை தயாராகின்றன. 2024 செப்டம்பர் 9 அன்று, அந்த ஆலையின் சுமார் 1,800 தொழிலாளர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். 37 நாட்கள் நீடித்த அந்தப் போராட்டம் உலக நாளிதழ்களின் கவனத்தையும் பெற்றது.

ஊதிய உயர்வும் வேலை நேரமும் கோரிக்கைப் பட்டியலில் இருந்தன. ஆனால், சிக்கலின் மையம் வேறு. சிஐடியு ஆதரவுடன் தாங்கள் தொடங்கிய ‘சாம்சங் இந்தியா தொழிலாளர் சங்கம்’ பதிவுசெய்யப்பட வேண்டும், நிர்வாகம் அதனுடன் பேச வேண்டும் என்பதே தொழிலாளர்களின் முதன்மைக் கோரிக்கை. தமது ஆலையில் தரப்படும் சராசரி ஊதியம், அந்த வட்டாரத்தில் இதேபோன்ற பணியில் உள்ளோர் பெறுவதைப் போல 1.8 மடங்கு என்று கூறிய நிர்வாகம், சங்கத்தின் பெயரில் நிறுவனத்தின் பெயர் இடம்பெறுவதை எதிர்த்தது.

சட்டம் சொன்னது என்ன?

2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த தொழிற்சங்கங்கள் சட்டம் 1926-இன்படி, ஒரு சங்கத்தைப் பதிவுசெய்ய ஏழு உறுப்பினர்கள் விண்ணப்பித்தால் போதுமானதாக இருந்தது. ஆலைத் தொழிலாளர்களில் பத்து சதவீதத்தினர் அல்லது நூறு பேர், இவற்றில் எது குறைவோ அத்தனை பேர் உறுப்பினராக இருக்க வேண்டும் என்பது 2001 திருத்தத்தில் சேர்ந்த நிபந்தனை. பெயரைப் பொறுத்தவரை, ஏற்கெனவே உள்ள வேறொரு சங்கத்தின் பெயரோடு குழப்பம் ஏற்படுத்தினால் மாற்றுமாறு பதிவாளர் கேட்க முடிந்தது. நிறுவனத்தின் பெயரைச் சேர்க்கக் கூடாது என்று அச்சட்டம் தடை விதிக்கவில்லை.

இவ்வளவு எளிய நடைமுறை அரை ஆண்டுக்கு மேல் இழுபட்டது. விவகாரம் சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றது. சங்கம் பதிவு பெற்றது 2025 ஜனவரி 27 அன்றுதான். பதிவாளரின் மேசையில் முடிந்திருக்க வேண்டிய ஒன்று, அமைச்சர்களின் பேச்சுவார்த்தைப் பொருளாக மாறியது.

அந்தப் பேச்சுவார்த்தையை முன்னின்று நடத்தியவர்கள் அன்றைய தொழில் துறை அமைச்சர் டி.ஆர்.பி.ராஜா, சிறு, குறு, நடுத்தரத் தொழில் துறை அமைச்சர் தா.மோ.அன்பரசன், தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வெ.கணேசன் ஆகியோர். முதலீட்டை ஈர்ப்பதும் தொழிலாளர் உரிமையைக் காப்பதும் ஒரே மேசையில் அமர்ந்தன. அக்டோபர் 7 அன்று, தொழிலாளர்களில் ஒரு பிரிவினருடன் உடன்பாடு எட்டப்பட்டதாகவும் மாதம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகை கிடைக்கும் என்றும் அறிவிப்பு வந்தது. போராடிய சங்கம் அதை ஏற்கவில்லை. இரு நாட்களில் போராட்டப் பந்தல் அகற்றப்பட்டது, கைதுகள் நடந்தன. ஆளுங்கட்சியின் கூட்டணியில் இருந்த இடதுசாரிக் கட்சிகளே வெளிப்படையாகக் கண்டித்தன. அக்டோபர் 15 அன்று, போராடியவர்கள் மீது பழிவாங்கும் நடவடிக்கை இராது, கோரிக்கைகளுக்கு எழுத்துபூர்வமாகப் பதில் தரப்படும் என்ற உறுதிமொழிகளுடன் வேலைநிறுத்தம் முடிவுக்கு வந்தது.

கூட்டணி அழுத்தமே தீர்வா?

இதே காட்சியைத் தமிழகம் முன்பும் கண்டிருக்கிறது. 2023 ஏப்ரல் 21 அன்று, நாள் வேலை நேரத்தை 12 மணி வரை நீட்டிக்க வழிசெய்யும் சட்டத் திருத்தம் பேரவையில் நிறைவேறியது. கூட்டணிக் கட்சிகள் வெளிநடப்புச் செய்தன. சில நாட்களில் அது நிறுத்திவைக்கப்பட்டது. மே தினத்தன்று திரும்பப் பெறப்படுவதாக முதல்வர் மு.க.ஸ்டாலின் அறிவித்தார். முடிவு வரவேற்கத் தக்கதே. ஆனால், கூட்டணிக் கணக்கு மாறினால் காணாமல் போகக்கூடிய பாதுகாப்பைத் தொழிலாளர்கள் எப்படி நம்புவது?

பதிவும் அங்கீகாரமும் ஒன்றல்ல என்பதில்தான் நெடுநாள் சிக்கல் இருக்கிறது. பதிவு, சங்கத்துக்குச் சட்டபூர்வ இருப்பைத் தருகிறது. அந்தச் சங்கத்துடன் பேச வேண்டும் என்று நிர்வாகத்தைக் கட்டாயப்படுத்தவில்லை. பதிவு கிடைத்த சில நாட்களிலேயே, சங்க நிர்வாகிகள் மூவர் பணியிடைநீக்கம் செய்யப்பட, ஆலையில் மீண்டும் போராட்டம் வெடித்தது. மூன்று ஆண்டுகளில் 18,000 முதல் 23,000 ரூபாய் வரை உயர்வு தரும் ஊதிய ஒப்பந்தம் 2025 மே மாதம்தான் கையெழுத்தானது.

இந்தச் சட்டம் பிறந்ததில் சென்னைக்கும் பங்கு உண்டு. 1918-இல் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர் பி.பி.வாடியா மீது, பின்னி நிறுவனம் உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்துத் தடையாணை பெற்றது. சங்கம் நடத்துவதே குற்றமாகக் கருதப்படக்கூடிய அந்த நிலைதான், சங்கங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்ற கோரிக்கைக்கு வலுச்சேர்த்தது. அங்கீகாரத்தைக் கட்டாயமாக்கும் திருத்தம் 1947-இல் நிறைவேறியது; ஆனால், அது நடைமுறைக்கு வரவே இல்லை. மகாராஷ்டிரத்திலும் கேரளத்திலும் அங்கீகாரத்துக்கென மாநிலச் சட்டங்கள் இயற்றப்பட்டன. தமிழகம் அவ்வழியில் செல்லவில்லை.

மாநிலத்தின் பொறுப்பு

2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம், 51 சதவீதத் தொழிலாளர்களின் ஆதரவு பெற்ற சங்கத்தைப் பேச்சுவார்த்தைச் சங்கமாக ஏற்க வகைசெய்கிறது. அதேவேளையில், எல்லாத் தொழில்களிலும் வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பைக் கட்டாயமாக்கி, போராடும் உரிமையைச் சுருக்குகிறது. எனவே, கிடைக்கும் ஒரே நன்மையான அங்கீகாரமாவது நேர்மையாக நடைமுறைப்பட வேண்டும்.

ஆதரவை யார், எப்படிக் கணக்கிடுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நிர்வாகம் தரும் பட்டியலை நம்பினால், அமைச்சர் முன்னிலையில் ‘ஒரு பிரிவினர்’ கையெழுத்திட்ட அக்டோபர் 7 மீண்டும் அரங்கேறும். தொழிலாளர் நலத்துறையின் மேற்பார்வையில் இரகசிய வாக்கெடுப்பு, பதிவு விண்ணப்பங்களுக்குக் கறாரான கால வரம்பு, வாக்கெடுப்பு முடியும்வரை சங்க நிர்வாகிகளுக்குப் பணிப் பாதுகாப்பு ஆகிய மூன்றையும் மாநிலம் விதியாக்க வேண்டும்.

நாட்டிலேயே அதிக எண்ணிக்கையில் தொழிற்சாலைகளைக் கொண்ட மாநிலம் தமிழகம். முதலீட்டாளர் எதிர்பார்ப்பது கணிக்கத்தக்க நிர்வாகம் என்றால், தொழிலாளர் எதிர்பார்ப்பதும் அதுவே. அமைச்சர்களின் நல்லெண்ணத்தை எதிர்பார்த்துப் பந்தலில் 37 நாட்கள் காத்திருக்கும் நிலை, ஒரகடத்திலோ ஸ்ரீபெரும்புதூரிலோ இன்னொரு ஆலைத் தொழிலாளருக்கு வரக் கூடாது.