காணாமல் போன மூன்று மாதச் சம்பளக் கணக்கு

ஜூன் 27. கிள்ளான் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் லோரி நிறுவனம் ஒன்றிலிருந்து காலை ஒன்பது மணிக்கெல்லாம் அழைப்பு வந்தது. "அண்ணே, சம்பள சிஸ்டத்துல பிப்ரவரிக்கு அப்புறம் ஒண்ணுமே இல்லண்ணே." பேசியது கணக்குப் பிரிவுக்கு மாற்றாக வந்திருந்த இளம்பெண். அவருக்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவர் இரண்டு வாரத்துக்கு முன்புதான் 98 நாள் பேறுகால விடுப்பில் போயிருந்தார்.

சிறிய அலுவலகங்களின் கணினிகளைப் பார்த்துக்கொள்வதுதான் என் பிழைப்பு. பிழைச் செய்தி எதுவும் வந்ததா என்று கேட்டேன். இல்லையாம். மென்பொருள் ஒழுங்காகத் திறக்கிறது, ஓட்டுநர்கள் 40 பேரின் பெயரும் இருக்கிறது. மார்ச், ஏப்ரல், மே மட்டும் இல்லை.

நான் போய்ச் சேர்வதற்குள் அலுவலகத்தில் தீர்ப்பே எழுதிவிட்டார்கள். விடுப்பில் போனவர் போவதற்கு முன் சம்பள உயர்வு கேட்டிருக்கிறார், முதலாளி மறுத்திருக்கிறார். "கோபத்துல அழிச்சிட்டுப் போயிட்டாங்க" என்றார் முதலாளி. பிரசவமாகிப் பத்து நாள்கூட ஆகாத அந்தப் பெண்ணுக்கு இரண்டு முறை போன் போட்டுக் கேட்டும் விட்டார். "நான் எதையும் தொடல பாஸ்" என்று அவர் சொன்னதை யாரும் நம்பவில்லை.

மூன்று மாதக் கணக்கு இல்லாவிட்டால் ஜூன் சம்பளத்தைச் சரியாகப் போட முடியாது. மாத வருமான வரிப் பிடித்தமான பிசிபி, ஜனவரியிலிருந்து சேர்ந்து வரும் வருமானத்தை வைத்துக் கணக்கிடப்படுவது. இபிஎஃப், சொக்சோ தொகைகளை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். சம்பளமே மாதம் முடிந்து ஏழு நாளுக்குள் கைக்குப் போய்விட வேண்டும் என்பது வேலைவாய்ப்புச் சட்டம்.

மென்பொருளை விற்றவர் தொலைபேசியிலேயே மருந்து சொன்னார்: "ரைட் கிளிக் பண்ணி ரன் ஏஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் போடுங்க." போட்டார்கள். அப்போதும் பிப்ரவரிதான். வெள்ளிக்கிழமைதோறும் வெளி ஹார்டு டிஸ்க்கில் எடுத்து வைத்த பேக்அப்பைத் திறந்தார்கள். 16 வாரப் பேக்அப், எல்லாவற்றிலும் பிப்ரவரி.

எனக்குச் சந்தேகம் வந்தது அங்கேதான். ஒருவர் ஜூன் மாதத்தில் கோபப்பட்டு அழித்திருந்தால், ஏப்ரலில் எடுத்த பேக்அப்பில் மார்ச் மாதக் கணக்கு இருக்க வேண்டுமே! தரவுக் கோப்பின் தேதியைப் பார்த்தேன். மார்ச் மாதத் தொடக்கத்தில், புதுக் கணினி வந்து மென்பொருளைப் பதிவேற்றிய அதே நாள். அதன் பிறகு அந்தக் கோப்பை யாரும் தொடவே இல்லை. ஆனால் மூன்று மாதம் சம்பளம் போயிருக்கிறது, சம்பளச் சீட்டும் அச்சாகியிருக்கிறது. அப்படியானால் அவர் எங்கே சேமித்தார்?

கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும். விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் பெரும்பாலான கணினிகளில் எல்லாருமே அட்மினிஸ்ட்ரேட்டர். மென்பொருள் எழுதியவர்களும் அதற்குப் பழகிவிட்டார்கள். நிரல் இருக்கும் புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள்ளேயே தரவையும் போட்டு வைத்தார்கள். 2007இல் விஸ்டா வந்தபோது மைக்ரோசாஃப்ட் கதவைச் சாத்தியது. சாதாரணப் பயனர் அந்த ஃபோல்டரில் எழுதக் கூடாது. நல்ல காரியம்தான். ஆனால் அப்படியே தடுத்தால் ஆயிரக்கணக்கான பழைய மென்பொருள்கள் நின்றுபோகும். அதனால் ஒரு சமாளிப்பும் செய்தார்கள். பழைய 32 பிட் மென்பொருள் அங்கே எழுத முயன்றால், விண்டோஸ் மறுப்புச் சொல்லாமல் அந்தக் கோப்புக்கு ஒரு நகல் எடுத்து, பயனரின் சொந்த ஃபோல்டரில் வைத்து, அதில் எழுத விடும். மென்பொருளுக்கும் தெரியாது, பயனருக்கும் தெரியாது. இன்றைய விண்டோஸிலும் இந்த ஏற்பாடு உண்டு.

விடுப்பில் போனவரின் பயனர் ஃபோல்டரைத் திறந்தேன். உள்ளே ஆப்டேட்டா என்று ஒன்று, வழக்கமாகக் கண்ணுக்குத் தெரியாதபடி மறைந்திருக்கும். அதற்குள் லோக்கல், அதற்குள் விர்ச்சுவல்ஸ்டோர். அங்கே இருந்தது கோப்பு, அவர் கடைசியாக வேலை பார்த்த நாளின் தேதியோடு. மார்ச், ஏப்ரல், மே, ஜூன் முதல் வார ஓவர்டைம் வரை எல்லாம் பத்திரம்.

மாற்றாக வந்தவர் தன் பெயரில் நுழைந்ததால் அவருக்கு அந்த நகல் தெரியவில்லை. அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்டும்போது இந்த நகல் ஏற்பாடு வேலை செய்யாது, ஆகவே அப்போதும் பழைய மூலக் கோப்புதான் தெரியும். பேக்அப் எடுத்ததும் மூலக் கோப்பைத்தான். அந்தக் கணினி இடையில் பழுதாகியிருந்தால் மூன்று மாதமும் உண்மையிலேயே போயிருக்கும். நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

சரிசெய்ய அரை மணி நேரம் ஆனது. இரண்டு கோப்புகளையும் முதலில் தனியாக நகலெடுத்து வைத்தேன். தரவு இருக்கும் இடத்தை மென்பொருளின் அமைப்பிலேயே மாற்ற முடிந்ததால், புரோகிராம் ஃபைல்ஸுக்கு வெளியே புது ஃபோல்டர் போட்டு, புதிய கோப்பை அங்கே வைத்து, கணக்குப் பிரிவினர் இருவருக்கு மட்டும் அதில் மாடிஃபை அனுமதி கொடுத்தேன். பேக்அப்பையும் அந்த ஃபோல்டருக்குத் திருப்பினேன். சில மென்பொருள்களில் இடத்தை மாற்ற வழி இருக்காது. அப்போது தரவு இருக்கும் உள் ஃபோல்டருக்கு மட்டும் அனுமதி கொடுக்கலாம். அப்படிச் செய்தால் விர்ச்சுவல்ஸ்டோரில் கிடக்கும் பழைய நகலை அகற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பயனர் திரும்பி வந்ததும் மென்பொருள் முதலில் அந்த நகலைத்தான் காட்டும், கதை மறுபடி தொடங்கும்.

"இவ்வளவு தொல்லை எதுக்கு? எல்லாரையும் அட்மினா போட்டுடுங்களேன்" என்றார் முதலாளி. போகும் இடமெல்லாம் கேட்கும் கேள்வி இது. என் தொழிலில் இருக்கும் சிலரும் அதைத்தான் செய்கிறார்கள், வேலை சீக்கிரம் முடியுமே! ஆனால் கணக்குப் பிரிவுக்குத்தான் நாள் முழுக்க இன்வாய்ஸ் என்ற பெயரில் மின்னஞ்சல் இணைப்புகள் வருகின்றன. அவற்றில் ஒன்று போலியாக இருந்தால், திறந்தவருக்கு என்ன அதிகாரமோ அதே அதிகாரம் அந்தத் தீய நிரலுக்கும் கிடைக்கும். எவ்ரிஒன் என்று போட்டு ஃபுல் கண்ட்ரோல் கொடுப்பதும் ஏறக்குறைய அதே தவறு. நிரல் கோப்பையே எவரும் மாற்றலாம் என்று விட்டால், நாளை அட்மினிஸ்ட்ரேட்டர் திறப்பது எந்த நிரல் என்று யாருக்குத் தெரியும்?

பெரிய நிறுவனத்தில் வேலை செய்கிறவர்கள் இதில் எதையும் தாங்களாகச் செய்யப் போக வேண்டாம், ஐடி பிரிவு இருக்கிறது. ஆனால் "சிஸ்டம் வேலை செய்யல" என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்தப் பொத்தானை அழுத்தியபோது வந்தது, என்ன நேரம், திரையில் என்ன எழுதியிருந்தது என்று கைப்பேசியில் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். பக்கத்து மேசைக்காரர் அதே கணினியில் தன் பெயரில் நுழைந்தால் வேலை செய்கிறதா என்பதையும் சொல்லுங்கள். அந்த ஒரு தகவலே எங்களுக்குப் பாதி வேலையை மிச்சப்படுத்தும்.

பிழைச் செய்தி தெளிவாக இல்லாதபோது நான் நம்புவது மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் புரோசஸ் மானிட்டர். அட்மினிஸ்ட்ரேட்டராக நுழைந்துதான் அதை ஓட்ட முடியும். மென்பொருள் எந்தக் கோப்பைத் தொட்டது, எங்கே அனுமதி மறுக்கப்பட்டது என்று வரி வரியாகக் காட்டும். மறுப்பு என்று வருவதெல்லாம் குற்றவாளி இல்லை. பிழை வந்த அந்த விநாடியில் விழுந்த வரிகளைப் பார்க்க வேண்டும். என்னை ஏமாற்றிய நகல் விவகாரம் அதைவிடச் சுலபமாகத் தெரியும். டாஸ்க் மேனேஜரின் டீட்டெயில்ஸ் பக்கத்தில் யூஏசி விர்ச்சுவலைசேஷன் என்ற பத்தியைச் சேர்த்துப் பாருங்கள். உங்கள் கணக்கு மென்பொருளுக்கு நேரே எனேபிள்ட் என்று இருந்தால், அடுத்த பேக்அப்புக்கு முன் ஒரு தடவை விர்ச்சுவல்ஸ்டோரை எட்டிப் பார்த்துவிடுங்கள்.

அன்று மாலை நான்கு மணிக்குச் சம்பளக் கணக்கு முடிந்தது. முதலாளி கொஞ்ச நேரம் கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். பிறகு வெளியே லோரிகள் நிற்கும் பக்கம் போய் அந்தப் பெண்ணை அழைத்தார். என்ன பேசினார் என்று எனக்குக் கேட்கவில்லை. திரும்பி வந்தவர் மாற்றாக வந்த பெண்ணிடம் சொன்னார்: "மே மாசத்துல ரெண்டு டிரைவருக்கு ஓவர்டைம் பாக்கி இருக்காம். அதையும் சேர்த்துப் போடச் சொன்னாங்க."