நிறுத்தி வைத்த காரில் மோதிவிட்டுச் சென்றால் இழப்பீடு பெறுவது எப்படி?

கொச்சி: மட்டாஞ்சேரியின் ஜூ டவுனில், 1568ஆம் ஆண்டு கட்டப்பட்ட பரதேசி யூத ஆலயத்தைப் பார்த்துவிட்டு கோவையிலிருந்து வந்த குடும்பம் ஒன்று திரும்புகிறது என வைத்துக்கொள்வோம். ஓரமாக நிறுத்தியிருந்த காரின் பின்பக்க பம்பர் உடைந்து கிடக்கிறது. மசாலாக் கிடங்குகளும் பழம்பொருள் கடைகளும் நெருங்கி நிற்கும் அந்தக் குறுகிய தெருக்களில் சரக்கு ஆட்டோவோ சுற்றுலா வேனோ பின்னோக்கி நகரும்போது இப்படி நடக்கக்கூடியதே. மோதிய வண்டியைக் காணவில்லை.

அந்த வண்டியின் பதிவெண் கிடைக்குமா, கிடைக்காதா? செலவு யாருடைய காப்பீட்டிலிருந்து போகும் என்பதைப் பெரும்பாலும் இந்த ஒரு கேள்வியே தீர்மானிக்கிறது. எனவே காரை நகர்த்துவதற்கு முன் அது நின்ற நிலை, சாலை ஓரம், சேதம் ஆகியவை தெரியும்படி படம் எடுத்துக்கொள்வது முதல் வேலை. விதிமுறைப்படிதான் நிறுத்தியிருந்தோம் என்பதற்கும் அந்தப் படமே சான்று; தடை செய்யப்பட்ட இடத்தில் நின்றிருந்தால், தவறில் பாதி உங்களுடையது என்ற வாதம் எழலாம். அடுத்து, அருகிலுள்ள கடைகளின் கண்காணிப்பு கேமரா. பழைய பதிவுகள் சில நாள்களில் தாமாகவே அழிந்துவிடும் என்பதால், அன்றைக்கே கேட்பது நல்லது.

மூன்றாம் நபரின் உடைமைக்குச் சேதம் விளைவித்த ஓட்டுநர், காவலர் எவரும் அங்கு இல்லாவிட்டால், 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் தெரிவிக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 134ஆவது பிரிவு. மீறினால் 6 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் விதிக்க 187ஆவது பிரிவில் இடமுண்டு. ஆனால் அவர் தெரிவிப்பார் என்று காத்திருக்க வேண்டியதில்லை. மட்டாஞ்சேரி காவல் நிலையத்தில் நீங்களே தகவலைப் பதிவு செய்யலாம். கேரளத்தில் 'ஜி.டி. என்ட்ரி' என்று சொல்லப்படும் காவல் நிலைய நாட்குறிப்புப் பதிவின் நகல், காப்பீட்டுக் கோரிக்கைக்கு முக்கிய ஆவணம். மாநிலக் காவல்துறையின் 'துணா' இணையதளம் வழியாகவும் இதற்கு விண்ணப்பிக்கலாம் என்பது வெளியூர்க்காரர்களுக்கு வசதி.

பதிவெண் கிடைத்துவிட்டால், அந்த வண்டிக்குக் காப்பீடு நடப்பில் உள்ளதா என்பதை எம்-பரிவாகன் செயலியில் பார்க்கலாம். இழப்பீடு கோருபவர் கேட்டால், உரிய கட்டணம் பெற்றுக்கொண்டு விபத்து வண்டியின் விவரங்களைத் தர வேண்டியது காவல்துறையின் கடமை என 160ஆவது பிரிவு கூறுகிறது. கட்டாய மூன்றாம் நபர் காப்பீடு என்றாலே உயிரிழப்பும் காயமும்தான் பலரின் நினைவுக்கு வருகின்றன. உடைமைச் சேதமும் அதில் அடங்கும். நான்கு சக்கர வாகனங்களுக்கு வழக்கமாக 7.5 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு உண்டு. பிரீமியத்தைக் குறைப்பதற்காக 6,000 ரூபாயோடு நிறுத்திக்கொண்டவர் என்றால், மீதியை அவரிடமிருந்தே பெற வேண்டும்.

இந்த வழியில் உடன்பாடு எட்டாவிட்டால் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தை 6 மாதங்களுக்குள் அணுக வேண்டும். இதற்காகக் கொச்சிக்கு அலைய வேண்டியதில்லை. மனுதாரர் வசிக்கும் ஊரின் தீர்ப்பாயத்திலேயே மனு செய்ய 166ஆவது பிரிவு அனுமதிக்கிறது. கோவைக்காரர் கோவையிலேயே வழக்கை நடத்தலாம். அதிகம் பேசப்படாத இந்த வசதி, அண்டை மாநிலத்துக்குக் காரில் செல்வோருக்குப் பெரிய பலம்.

வண்டி எதுவென்றே தெரியவில்லை என்றால்? அடையாளம் தெரியாத வாகனம் மோதினால் அரசு இழப்பீடு தரும் திட்டம் ஒன்று இருக்கிறது. உயிரிழப்புக்கு 2 லட்சம், படுகாயத்துக்கு 50,000 ரூபாய் என்பதோடு அது முடிந்துவிடுகிறது. நசுங்கிய பம்பருக்கு அதில் இடமில்லை. உங்கள் பாலிசியில் சொந்தச் சேதப் பாதுகாப்பு இருந்தால் மட்டுமே பணம் வரும். வெறும் மூன்றாம் நபர் பாலிசி வைத்திருப்பவருக்குக் கைக்காசுதான்.

சொந்தச் சேதக் கோரிக்கையை எழுப்பும் முன் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்பது அவசியம். பிளாஸ்டிக் பம்பர் 8,000 ரூபாய், பெயின்ட் வேலை 4,000 ரூபாய் என்று கொள்வோம். பிளாஸ்டிக் பாகத்தில் 50 சதவீதம் தேய்மானமாகக் கழியும். பெயின்ட் கட்டணத்தில் கால் பங்கைப் பொருள் செலவாக வைத்து, அதில் பாதியைக் கழிப்பார்கள். 1,500 சிசி வரையிலான காருக்கு உரிமையாளரின் கட்டாயப் பங்கு 1,000 ரூபாய். எல்லாம் போக, 12,000 ரூபாய் பில்லுக்குக் கிடைப்பது 6,500 ரூபாய்.

இழப்பு இத்துடன் நிற்பதில்லை. கோரிக்கை இல்லாத ஆண்டுகளுக்காகக் கிடைக்கும் 'நோ கிளைம் போனஸ்' தள்ளுபடி 20, 25, 35, 45, 50 சதவீதம் எனப் படிப்படியாக ஏறுவது. ஒரே ஒரு கோரிக்கை அதைப் பூஜ்ஜியமாக்கிவிடும். 50 சதவீதத்தில் இருந்தவர் மீண்டும் அங்கே ஏறி வருவதற்குள், அடுத்தடுத்த 5 புதுப்பித்தல்களில் 50, 30, 25, 15, 5 என மொத்தம் 125 சதவீதத் தள்ளுபடியை இழக்கிறார். சொந்தச் சேதப் பிரிவின் பிரீமியம் மாறாமல் 8,000 ரூபாய் என்றே வைத்தாலும் அது 10,000 ரூபாய். 6,500 ரூபாய் பெறுவதற்காக 10,000 ரூபாயை விட்டுக்கொடுப்பதாக ஆகிறது! தேய்மானம் கழிக்காத கூடுதல் பாதுகாப்பு எடுத்தவருக்கு 11,000 ரூபாய் கிடைக்கும். போனஸைக் காக்கும் துணைப் பாதுகாப்பு இருந்தால் கணக்கே வேறு. மோதிய வண்டியின் காப்பீட்டில் இழப்பீடு பெற்றால் உங்கள் போனஸ் குறையாது. கேமரா பதிவுக்காகக் கடை கடையாக ஏறி இறங்குவதன் மதிப்பு இங்கேதான் தெரிகிறது.

சில சமயம் மோதியவரே நின்று, கையில் உள்ள பணத்தைத் தந்து முடித்துக்கொள்ளலாம் என்பார். சிறிய கீறலுக்கு அது நியாயமான ஏற்பாடாக இருக்கலாம். ஆனால் பழுதுபார்க்கும் நிலையத்தின் மதிப்பீடு வரும் முன், 'முழு இழப்பீடும் பெற்றுக்கொண்டேன்' என்று எழுதிக் கொடுத்தால் பின்னர் எதுவும் கேட்க முடியாமல் போகும். அவரிடம் பெற்ற தொகையை மறைத்து, அதே சேதத்துக்குச் சொந்தக் காப்பீட்டிலும் கோருவது இன்னும் பெரிய சிக்கல்.

கோரிக்கை எழுப்புவது என்று முடிவெடுத்தால், நிறுவனத்துக்கு உடனே தெரிவிக்க வேண்டும். ஆய்வாளர் பார்க்கும் வரை பழுது நீக்கக் கூடாது. தொகையை மறுத்தாலோ நியாயமின்றிக் குறைத்தாலோ முதலில் நிறுவனத்திடம் எழுத்துப்பூர்வமாக முறையிட வேண்டும். ஒரு மாதத்தில் தீர்வு இல்லையெனில் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம், கட்டணம் கிடையாது. கேரளத்துக்கான அலுவலகம் கொச்சியிலும், தமிழகத்துக்கானது சென்னையிலும் உள்ளன. ஆனால் அங்கே உங்கள் சொந்தக் காப்பீட்டு நிறுவனத்தின் மீது மட்டுமே புகார் செல்லும். மோதிய வண்டியின் காப்பீட்டு நிறுவனத்தோடு தகராறு என்றால் தீர்ப்பாயம்தான்.